சேம அச்சு

'வீடு' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் உண்டு. குடியிருக்கும் மனையும் வீடு. பற்றுகளை விட்டு அடையும் பேறும் வீடு. 'விடு' என்னும் வினையடியாகப் பிறந்த சொல் அது என்பர். பகலெல்லாம் பிறருக்காக உழைத்தவன் தன் தொழிலை விட்டு வந்து தலைசாய்க்கும் இடம் வீடாயிற்று. அந்த வீடு ஓரிடத்தில் நிலைத்து நிற்க வேண்டும் என்பது சொல்லின் பொருளில் எங்கும் இல்லை. சக்கரத்தின்மேல் ஏறி ஊர் ஊராய்ச் சென்ற வீடுகளும் தமிழர் வாழ்வில் இருந்திருக்கின்றன.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையைக் கற்றவர்களுக்கு உமணர் வண்டியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. உமணர் என்போர் நெய்தல் நிலத்து உப்பை ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குச் சென்று விற்று வந்தவர். அவர்களுடைய வண்டியைப் புலவர் ஒரு தச்சனின் கண்கொண்டு பார்க்கிறார். சக்கரத்தின் குடம், ஆரக்கால், வட்டை, அச்சு, அதன்மேல் மரங்கள், மரங்களின்மேல் வேய்ந்த கூரை என்று கீழிருந்து மேலாக ஏறிச் செல்கிறது அவர் பார்வை. பிறகே குடும்பம் கண்ணிற் படுகிறது. வண்டியில் கோழிக்கூடு இருக்கிறது. சிறிய உரல் ஒன்று தொங்குகிறது. காடி வைத்த கலம் கயிற்றாற் பிணிக்கப்பட்டிருக்கிறது. குழந்தையை உடைய பெண்ணொருத்தி எருதுகளை ஓட்டுகிறாள். உரலும் ஊறுகாய்க் கலமும் கோழியும் குழந்தையும் உடன் வருமானால், அது சரக்கு வண்டி மட்டுமாகுமா? இன்று 'கேரவன்' என்று உலகம் வழங்கும் வண்டிவீட்டின் இலக்கணம் முழுவதும் அங்கே அமைந்து கிடக்கிறது.

மேனாட்டார் இத்தகைய வண்டிவீட்டின் வரலாற்றை 1885-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவர். கடற்படை மருத்துவராயிருந்து ஓய்வுபெற்றவரும் சிறுவர் கதைகள் எழுதிப் புகழ்பெற்றவருமான கார்டன் ஸ்டேபிள்ஸ், உல்லாசப் பயணத்திற்கென்றே ஒரு வண்டியைச் செய்வித்தார். அதற்கு 'வாண்டரர்' என்று பெயரிட்டார். நாடோடி என்பது பொருள். ஏறத்தாழ 2 டன் எடையுள்ள அவ்வண்டியை இரு குதிரைகள் இழுத்தன. தென் இங்கிலாந்தின் டுவைஃபர்டு என்னும் ஊரிலிருந்து வடகோடியில் ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை ஏறக்குறைய 1,300 மைல் பயணம் சென்று, அடுத்த ஆண்டே அதை நூலாகவும் வெளியிட்டார். முன்னே ஒரு பணியாள் மூன்றுசக்கர மிதிவண்டியில் சென்று, 'பெரிய வண்டி வருகிறது' என்று வழியை ஒழுங்குபடுத்துவானாம். பணமிருந்தால் நாடோடி வாழ்வும் எத்துணை வசதியாகிவிடுகிறது! உமணப் பெண்ணுக்கு அப்படி ஒரு முன்னோடி இருந்ததாகப் பெரும்பாணாற்றுப்படை கூறவில்லை.

ஆயினும் அந்த வாண்டரர் பற்றிய செய்தி ஒன்று இக்கட்டுரைக்கு மிகவும் வேண்டியது. அதைச் செய்தவர்கள் வீடு கட்டும் கொத்தரும் அல்லர். கோச்சு வண்டி செய்யும் சிறு பட்டறைக்காரரும் அல்லர். பிரிஸ்டல் நகரில் புகைவண்டிப் பெட்டிகளும் சரக்கு வண்டிகளும் செய்துவந்த பெருந்தொழிற்சாலை ஒன்றே அதைச் செய்தது. உல்லாச வண்டிவீடு பிறந்தது புகைவண்டித் தச்சரின் கையில். அந்தக் கைவழக்கத்தின் வழிவந்த தச்சர் ஒருவர் பிரிக்பீல்ட்ஸில் வாழ்கிறார்.

பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயருக்குச் செங்கற்களம் என்பது பொருள். 1881-ஆம் ஆண்டில் கோலாலம்பூர் முதலில் தீயாலும் பின்னர் வெள்ளத்தாலும் பாழாயிற்று. அத்தாப்புக் கூரையும் மரச்சுவரும் இனி ஆகா, செங்கல்லாற் கட்டுங்கள் என்று சுவெட்டன்ஹாம் ஆட்சியில் உத்தரவு பிறந்தது. ஊருக்கெல்லாம் வீடு கட்டச் செங்கல் அறுத்த களமே இன்றைய பிரிக்பீல்ட்ஸ். 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றின் இக்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதன்பின் செங்கற்களம் புகைவண்டிக் களமாயிற்று. தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையாள நாட்டிலிருந்தும் வந்தவர்கள் இங்கே பணிமனைகளிலும் அலுவலகங்களிலும் அமர்ந்தனர். அவர்கள் குடியிருக்க வரிசை வரிசையாக வீடுகள் எழுந்தன. அவ்வீடுகளிற் பல இன்று இல்லை. பழைய புகைவண்டி நிலத்தின்மேல் 2001-இல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. அதைச் சுற்றி வானளாவிய மாடங்கள் நிற்கின்றன.

அப்படி மறைந்துபோன வரிசை வீடொன்றிற் பிறந்தவர் இத்தச்சர். இப்போது அகவை அறுபத்தெட்டு. தந்தையார் பிரிக்பீல்ட்ஸ் புகைவண்டிக் கொட்டடியில் பணிபுரிந்தவர். இவர் பள்ளிப் படிப்பை முடித்தபின் செந்தூல் பணிமனையிற் பயிற்சியாளராகச் சேர்ந்தார். செந்தூல் பணிமனை ஒரு காலத்தில் இந்நாட்டின் பெருமைகளுள் ஒன்று. போர்க்காலத்தில் சப்பானியர் கையில் இருந்தபோது, 1945-இல் நேசப்படையினரின் குண்டுவீச்சுக்கு இலக்காகி, மீண்டும் எழுந்தது. இவர் சேர்ந்த நாளில் இரும்புப் பெட்டிகளின் காலம் வந்துவிட்டது எனினும், மரப்பெட்டி செய்த முதிய தச்சர் சிலர் எஞ்சியிருந்தனர். அவர்களிடம் துளையும் நாக்கும் பொருத்தக் கற்றார். மரத்தின் ஈரத்தைக் கன்னத்தில் வைத்தறியக் கற்றார். ஆணி அடிப்பவன் தச்சனல்லன், ஆணி வேண்டாதவனே தச்சன் என்பது அந்த முதியோரின் கொள்கை.

பிறந்தது பணிமனை வீடு. மணமுடித்துக் குடிபுகுந்தது பணிமனை வீடு. பிள்ளைகள் இருவரும் தவழ்ந்ததும் அவ்வாறே. ஓய்வுபெற்ற பின் வாடகை மாடம். ஒருநாளேனும் தமக்கென்று உரிமையுடைய கூரையின்கீழ் அவர் உறங்கியதில்லை. இது அவர் ஒருவருடைய கதையன்று. இந்நாட்டுத் தமிழருட் பெரும்பாலோர் இரண்டு மூன்று தலைமுறையாகத் தொழில் கொடுத்தவனின் வீட்டில் வாழ்ந்தவர்கள். தோட்டத்தில் லயன் வீடு, இரயில்வேயிலும் பொதுப்பணி இலாகாவிலும் வரிசை வீடு. வேலை இருக்கும்வரை வீடு. வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். வாழை மரமும் முருங்கை மரமும் வைத்தவன் ஒருவன், காய் பறிப்பவன் வேறொருவன். தோட்டங்கள் துண்டாடப்பட்ட நாளில் இதன் கொடுமை முழுமையாகப் புலப்பட்டது. 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரின் பத்துப் பத்து வெள்ளியைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியது அதனாலேயே. அப்பெருமகனார் பெயரைத் தாங்கிய சாலையே இன்று பிரிக்பீல்ட்ஸின் நடுச்சாலை. அச்சாலையில் பூக்கடைக்கும் பலகாரக் கடைக்கும் இடையே அன்றாடம் நடக்கும் இத்தச்சருக்கும் சொந்த வீடு வேண்டும் என்னும் ஆசை உண்டு. ஆனால் அந்த ஆசை போய் நின்ற இடம்தான் எவரும் எதிர்பாராதது.

கிள்ளான் அருகே ஒரு பழைய தோட்டத்துப் பங்களாவின் பின்புறத்தில், ரம்புத்தான் மரத்தடியில், ஒரு வண்டிவீடு கிடந்தது. 1970-களில் இங்கிலாந்திற் செய்யப்பட்டது. எந்த வெள்ளைக்காரப் பொறியாளர் கொண்டுவந்து விட்டுச் சென்றாரோ! இரண்டு பேர் படுக்கலாம். காருக்குப் பின்னாற் பூட்டி இழுக்கலாம். சக்கரங்கள் மண்ணிற் புதைந்திருந்தன. உள்ளே கோழிகள் குடியிருந்தன. பங்களாவில் கதவு செப்பனிடச் சென்ற தச்சர் அதன் சுவரைத் தட்டிப் பார்த்தார். விலை கேட்டார். கோழிகளை வேறிடத்திற் குடியேற்றுவதாக ஒப்புக்கொண்டு வாங்கிவிட்டார். லாரியில் ஏற்றிக் கிள்ளானில் நண்பர் ஒருவரின் லாரிக் கொட்டகைக்குக் கொண்டுசென்றார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மோட்டார் சைக்கிளை நிறுத்தவே இடம் தேடும் நிலையில், வண்டிவீட்டை எங்கே நிறுத்துவது? ஆகவே சனிதோறும் சென்ட்ரல் நிலையத்தில் மின்புகைவண்டி ஏறிக் கிள்ளானுக்குப் போவதும், இரவு திரும்புவதும் வழக்கமாயிற்று. 1886-இல் போட்ட பாதை வழியேதான் அந்தப் பயணம்.

பழைய வண்டிவீட்டைப் புதுப்பிப்பது எத்தகைய வேலை என்பதைச் சற்று விளக்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்போருக்கு அது அலுமினியப் பெட்டி. உண்மையில் அது மரத்தால் ஆகிய எலும்புக்கூடு. இரும்புச் சட்டத்தின்மேல் மெல்லிய மரச்சட்டங்களை நிறுத்தி, உட்புறம் பலகை அடித்து, வெளிப்புறம் அலுமினியத் தகட்டைப் போர்த்தியிருப்பார்கள். தகடும் தகடும் கூடும் மூலைகளில் அடைபசை தடவி, அதன்மேல் ஒரு பட்டையைத் திருகாணியால் இறுக்கியிருப்பார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல அடைபசை உலர்ந்து வெடிக்கும். திருகாணி துருப்பிடிக்கும். மயிரிழைப் பிளவில் மழைநீர் இறங்கும். தகடு பளபளப்பாகவே இருக்க, உள்ளே மரம் ஊறி, உளுத்து, மாவாகும். இங்கிலாந்தில் இதற்கு மழையும் பூஞ்சணமும் மட்டுமே காரணம். இந்நாட்டில் கறையானும் வந்து சேர்கிறது.

தச்சர் முதலாவது திருகாணியைக் கழற்றத் தொடங்கியபோது கொட்டகை நண்பர், "அண்ணே, உள்ளே புதுப் பலகை ஒட்டிச் சாயம் அடிச்சிடுங்க, யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். பலரும் செய்வது அதுதான். உளுத்த மரத்தின்மேல் ஒட்டுப்பலகை அறைந்து மூடிவிட்டால் ஓராண்டு அழகாயிருக்கும். மூடிய இருட்டில் ஈரம் அடுத்த மரத்துக்குப் பரவும். பின்னர் ஒருநாள் சாலை நடுவே சுவர் கழன்று நிற்கும். செந்தூலில் பயின்றவர் அதற்கு இசைவாரா? தகடு முழுவதையும் உரித்தெடுத்துத் தரையிற் பரப்பினார். ஒவ்வொரு சட்டத்தையும் குத்தூசியாற் குத்திப் பார்த்தார். ஊசி இறங்கிய மரம் தள்ளுபடி. மூலைகள் நான்கில் மூன்றும், கூரைவளையில் பாதியும், தரைப்பலகையின் ஓரமும் தள்ளுபடியாயின. உளுத்த துண்டுகளை எறிந்துவிடவில்லை. எண்ணிட்டு வரிசையாக அடுக்கினார். உருக்குலைந்த மரமே புது மரத்துக்கு அளவுகோல். அதை எறிந்தால் வளைவின் அளவு போய்விடும். இப்பொறுமை பள்ளிகளிற் கற்பிக்க முடியாத கல்வி.

இந்த இடத்தில்தான் அவருடைய நாற்பதாண்டுப் பழக்கம் அவருக்கே எதிராக நின்றது. புகைவண்டித் தச்சர் நூறாண்டு நிற்கும் மரத்தையே தேடுவார். செங்கால் என்று மலாய்க்காரர் போற்றும் வைரமரம் இருக்கிறதே, அதனாற் கட்டிய படகும் மாளிகையும் தலைமுறைகளைக் கடந்து நிற்கும். கறையானும் பல்லுடைந்து போகும். பழைய வீடு இடித்த இடத்தில் வாங்கிய செங்கால் உத்தரங்களை அறுத்து, ஐந்து வாரம் உழைத்து, ஒரு பக்கச் சுவரின் சட்டத்தை எழுப்பினார். பார்த்தவர் வியந்தனர். துளையும் நாக்கும் தலைமயிர் நுழையாதபடி பொருந்தியிருந்தன. பிறகு அச்சட்டத்தைத் தராசில் ஏற்றினார். அன்றைக்கே அதைக் கழற்றிவிட்டார்.

காரணம் எளிது. செங்கால் மரம் கன மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் கனக்கும். வண்டிவீட்டில் முதலில் இருந்த ஊசியிலை மரமோ அதிற் பாதியளவே கனக்கும். வண்டியின் இரும்புத் தகட்டில் பொறித்திருந்த உச்ச எடை 900 கிலோ. சுவரும் கூரையும் செங்காலாகிவிட்டால், பாயும் பானையும் ஏற்றுமுன்னரே அந்த எல்லை வந்துவிடும். புகைவண்டிப் பெட்டி கனத்தால் உறுதிபெறுவது. அதை இழுக்க எஞ்சின் இருக்கிறது. தாங்க இருப்புப்பாதை இருக்கிறது. வண்டிவீடு இலேசாயிருந்தால்தான் பிழைக்கும். ஒரு சிறு கார் அதைக் கெந்திங் மலைச்சரிவில் ஏற்றவும் வேண்டும், இறக்கவும் வேண்டும். நிலைத்து நிற்பதற்குரிய அறிவு வேறு. நகர்வதற்குரிய அறிவு வேறு. அறுபது வயதுக்குமேல் ஒருவர் தம் கைத்திறனைத் தராசில் வைத்துப் பார்த்து, தவறு மரத்தில் இல்லை, பழக்கத்திலேதான் என்று தெளிவது சிறிய செயலன்று. செங்காலைக் கழற்றிய இடத்தில் இலேசான மெராந்தியை வைத்தார். கறையானுக்கு மருந்து தோய்த்தார். செங்காலில் ஒரு துண்டை மட்டும் வாயிற்படியாக வைத்துக்கொண்டார். அந்த ஒரு செல்லம் அவருக்கு இருந்துவிட்டுப் போகட்டுமே.

எடையைப் பற்றி இன்னொன்று. மொத்த எடை சரியாயிருந்தால் மட்டும் போதாது. அது இருக்கும் இடமும் சரியாயிருக்க வேண்டும். காரோடு பூட்டும் முனையில் மொத்த எடையில் நூற்றுக்கு 5 முதல் 7 பங்கு வரை அழுந்த வேண்டும் என்பது கணக்கு. 900 கிலோவுக்கு அது சுமார் 50, 60 கிலோ. பின்பாரம் மிகுந்து முனை இலேசானால், வேகத்தில் வண்டி பாம்புபோல் நெளியத் தொடங்கிக் காரையும் இழுத்துக்கொண்டு கவிழும். ஆதலால் அரிசியும் தண்ணீரும் எங்கே வைப்பது என்பதும் பொறியியலாகிவிடுகிறது. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. உமணர் தம் உப்பு மூட்டைகளை இப்படித்தான் முன்னும் பின்னும் மாற்றி வைத்து நுகத்தடியின் பாரத்தைப் பார்த்திருப்பர்.

வெப்பம் மற்றொரு தொல்லை. குளிர்நாட்டான் செய்த வண்டி, காற்றை வெளியே நிறுத்துவதையே நோக்கமாகக் கொண்டது. நம் நாட்டு நண்பகலில் அது அடுப்பு. தச்சர் உடைந்த கண்ணாடிச் சன்னல்களை அகற்றி, பழைய மரப்பெட்டிகளில் இருந்த சாய்பலகைச் சன்னல்களை அதே அளவிற் செய்து பொருத்தினார். மழை வராது, காற்று வரும். கூரையில் இரு துளைகளிட்டு மூடியும் வைத்தார். சமையல் எரிவாயுவை உள்ளே வைக்கவே கூடாது என்று முடிவுசெய்தார். அது காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும், தூங்குபவர் அறியார். அடுப்பு வெளியே, பந்தலின் கீழ். மின்விளக்கு, மெத்தை முதலியவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவை கடையிற் கிடைக்கின்றன.

பொருட்செலவைப் பற்றிக் குடும்பத்தில் எழுந்த பேச்சு எளிதில் அடங்கவில்லை. மகன் கணக்காளர். "அப்பா, இந்தப் பணத்தோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணம் கட்டலாமே" என்றார். அவர் சொன்னதில் பிழையே இல்லை. சேமநிதியிலிருந்து எடுத்த பணம் மாதந்தோறும் குறைந்துகொண்டே வந்தது. முட்டி வலியோ கூடிக்கொண்டே வந்தது. முதிய தந்தை கூரைமேல் ஏறி நிற்பதைக் காணும் மகனுக்குக் கோபம் வருவது இயல்பே. தச்சர் வாதாடவில்லை. "முன்பணம் கட்டினா, மிச்சப் பணம் கட்டி முடிக்கிறப்போ எனக்கு தொண்ணூறு வயசுடா தம்பி" என்று சிரித்தார். சிரிப்புத்தான், ஆனால் அந்தக் கணக்கிலும் பிழை இல்லை.

அவருடைய மனைவியார் குவாலா லிப்பிஸில் பிறந்தவர். அவருடைய தந்தையாரும் புகைவண்டிக்காரரே. கிமாஸிலிருந்து தும்பாட் வரை செல்லும் கிழக்குக்கரைப் பாதை 1931-இல் முழுமை பெற்றது. போர்க்காலத்தில் சப்பானியர் அப்பாதையின் தண்டவாளங்களைப் பெயர்த்துச் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோயினர். தமிழர் பல்லாயிரவரும் அதே பாதைக்குத்தான் கொண்டுபோகப்பட்டனர். போர் முடிந்தபின், பெயர்த்த பாதையை மீண்டும் இணைக்கும் பணி 1950-களில்தான் நிறைவெய்தியது. அப்பணிக்குச் சென்ற கூட்டத்தில் ஒருவர் அம்மையாரின் தந்தையார். லிப்பிஸில் அவர்களுக்குக் கிடைத்ததும் வரிசை வீடே. அம்மையாருக்குப் பத்து வயதானபோது தந்தையார் மாற்றலாகி வந்தார். அதன்பின் அவர் அவ்வூரைக் காணவில்லை. ஆற்றங்கரையில் துணி துவைத்த கல் ஒன்று நினைவிருக்கிறது என்பார்.

லிப்பிஸுக்குப் புகைவண்டியே போகிறதே, அதில் ஏறிப் போனாலென்ன என்று வாசகர் வினவலாம். மகனும் அதையே வினவினார். இதற்குத் தச்சர் கூறிய விடை சிந்திக்கத்தக்கது: "வாழ்நாள் முழுக்க மணி அடிச்சா ஏறினோம், மணி அடிச்சா இறங்கினோம்." புகைவண்டி பிறர் குறித்த நேரத்தில், பிறர் குறித்த இடத்தில் நிற்கும். அம்மையார் அந்தத் துவைகல்லைத் தேடி இரண்டு நாள் ஆற்றங்கரையில் இருக்க வேண்டும் என்றால், எந்தப் புகைவண்டி காத்திருக்கும்? விடுதியில் தங்கலாம். விடுதியும் பிறர் வீடுதானே.

அம்மையார் முதல் ஓராண்டு அந்தக் கொட்டகைக்கு வரவேயில்லை. 'கோழிக்கூட்டுக்கு நான் வந்து என்ன பார்ப்பது' என்று பேரப்பிள்ளைகளிடம் கூறுவாராம். தகடுகள் மீண்டும் ஏறிய பிறகு ஒரு சனிக்கிழமை தாமே புறப்பட்டார். ஏறி உள்ளே சென்று, எதுவும் பேசாமல் கையை விரித்து அகலம் பார்த்தார். "மசாலாப் பெட்டி வைக்க ஒரு தட்டு வேணுங்க. இங்கே" என்று ஓரிடத்தைக் காட்டினார். அது அச்சுக்கு நேர் மேலான இடம்; பாரம் வைக்கத் தகுந்த இடமும் அதுவே. அவர் கணக்குப் போட்டுச் சொன்னாரா, சமையலறை அறிவினாற் சொன்னாரா, தெரியாது. தச்சர் அன்றே அளவெடுத்தார்.

அச்சும் தடுப்பும் பிறரிடம் ஒப்படைத்த வேலைகள். இத்தகைய வண்டியின் தடுப்பு நுட்பமானது. முன்னே கார் வேகம் தணிந்தால், பின்வரும் வண்டி தன் வேகத்தால் முன்தள்ளும். அந்தத் தள்ளலே பூட்டு முனையை உள்ளழுத்தி, ஒரு கம்பியை இழுத்து, வண்டியின் சக்கரங்களைப் பிடிக்கச் செய்யும். நாற்பதாண்டு துருவில் அக்கம்பி இறுகிப்போயிருந்தது. அதைச் செப்பனிடக் கொடுத்த பட்டறை ஒன்று, பணத்தை வாங்கிக்கொண்டு சாயம் மட்டும் அடித்துத் திருப்பியது. தச்சர் கொட்டகையில் வண்டியைத் தள்ளிப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது. மலைச்சரிவில் தெரிந்திருந்தால் என்னாகும்? இரண்டாவது பட்டறையில் அச்சையே மாற்றினார். சக்கர வளையங்களில் வரிகள் தேயாதிருந்தும் அவற்றையும் மாற்றினார். ரப்பர் ஓடித் தேய்வதைவிட நின்று மூப்படைவதே அதிகம். ரப்பர்த் தோட்டத்து மக்களுக்கு அது தெரியாதா?

உமணர் வண்டியின் மற்றொரு செய்தி இங்கே நினைவுக்கு வருகிறது. ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியைப் புறநானூற்றில் பாடுமிடத்து, அவனை உமணர் வண்டியின் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். எருதுகள் இளையவை, பாரமோ பெரிது, மேட்டிலும் பள்ளத்திலும் வழியில் என்ன நேரும் என்று யாருக்குத் தெரியும்? ஆதலால் உமணர் வண்டியின் அடிமரத்தில் மாற்று அச்சொன்றைக் கட்டிக்கொண்டே புறப்படுவர். உவமையாற் சிறப்புப் பெற்றவன் எழினி. ஆனால் அவ்வுவமைக்குப் பொருளாக நின்ற அந்த அச்சும் எண்ணத்தக்கது. உடைந்த பின் வருந்துவது ஒரு வகை மனிதர் இயல்பு. உடையும் என்று அறிந்தும் புறப்படுவது வேறொரு வகை. ஒவ்வொரு மாற்றலுக்கும், ஒவ்வொரு காலிசெய்யும் கடிதத்துக்கும், ஒரு தகரப் பெட்டியும் ஒரு சுருட்டிய பாயும் ஆயத்தமாக வைத்திருந்த பெண்களை இந்நாட்டுத் தோட்டங்களும் வரிசை வீடுகளும் நிறையவே கண்டிருக்கின்றன.

கழற்றிய பழைய அச்சை இரும்புக்கடைக்குப் போட்டால் சில வெள்ளி தேறும். தச்சர் அதை விற்கவில்லை. அதைச் சேம அச்சாகக் கட்டிக்கொள்ளவும் இல்லை; அந்தக் கனத்தை ஏற்க இனி அவர் தராசு இடந்தராது. மாற்றுச் சக்கரம் ஒன்றே வண்டியின் அடியிற் கட்டப்பட்டிருக்கிறது. அச்சு கொட்டகைச் சுவரிற் சாய்ந்து நிற்கிறது.

வண்டி இன்னும் சாலையேறவில்லை. இழுவை வண்டி பொதுச்சாலையில் ஓடச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் பதிவு வேண்டும். யாரோ கொண்டுவந்து, யாரோ விட்டுச்சென்ற பழைய வண்டிக்குப் பிறப்புச் சான்றிதழ் தேடுவது, அந்தக் காலத்து நம் பெரியவர்கள் அடையாள அட்டைக்கு அலைந்த அலைச்சலை ஒத்திருக்கிறது. தச்சர் ஒரு கோப்பு வைத்திருக்கிறார். எண்பொறித்த இரும்புத் தகட்டின் படம், பங்களாக்காரரின் விற்பனைக் கடிதம், எடைமேடைச் சீட்டு எல்லாம் அதில் உள்ளன. சீட்டில் குறித்த எடை 760 கிலோ. ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒரு தாள் குறைவாகவே இருக்கிறது. மேசைக்கு அப்பால் இருப்பவரையும் குறைகூற இயலாது. இப்படி ஒரு விண்ணப்பத்தை அவர் கண்டிருக்கவே மாட்டார். தச்சர் வெளியே வந்து ஒரு தேநீர் அருந்திவிட்டு, அடுத்த தாளைத் தேடப் புறப்படுகிறார்.

இங்கிலாந்தில் வாழ்ந்த நாடோடி மக்களிடையே ஒரு வழக்கம் இருந்தது. அவர்களுடைய மொழி வடஇந்திய மொழிகளோடு உறவுடையது. தண்ணீரைப் 'பானி' என்பவர்கள். குடும்பத் தலைவர் இறந்தால், அவர் வாழ்ந்த அழகிய மரவண்டியைப் பொருள்களோடு தீயிட்டுவிடுவார்கள். வண்டியும் ஆளும் ஒன்றென்று கருதினர் போலும். கணக்காளரான மகன் இச்செய்தியைக் கேட்டபோது, "அப்பா, நீங்க அப்படி எதுவும் எழுதி வச்சிடாதீங்க. வண்டி எனக்கு வேணும்" என்றார். ஈராண்டுக்கு முன்பு முன்பணம் பற்றிப் பேசிய அதே மகன்! தச்சர் அதற்கு மறுமொழி கூறவில்லை. அடுத்த சனிக்கிழமை சாய்பலகை இழைக்க அவரையும் அழைத்துப் போனார்.

சென்ற பருவமழைக் காலத்தில் கணவனும் மனைவியும் முதன்முறையாக அதில் ஓரிரவு தங்கினர். ஊருக்கு எங்கும் போகவில்லை; கிள்ளான் கொட்டகையிலிருந்து வண்டியை முற்றத்துக்கு இழுத்து, வானத்தின்கீழ் நிறுத்திக்கொண்டனர். மழையைச் சோதிக்க வேறு வழி இல்லை. நள்ளிரவுக்குமேல் மழை பிடித்தது. கிள்ளான் மழையை அறிந்தவர்க்கு அதை விரித்துரைக்க வேண்டா. அலுமினியக் கூரையின்மேல் அது விழும் ஓசையில் பேச்சுக் கேட்காது. தச்சர் கைவிளக்கை எடுத்துக்கொண்டு மூலை மூலையாகத் தடவிப் பார்த்தார். முதல் மூலை உலர்ந்திருந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் உலர்ந்திருந்தன. "என்னங்க, இங்கே ஒரு சொட்டு" என்றார் அம்மையார். முன்பக்க இடமூலையில், அவர் தலைமாட்டுக்கு மேலே, ஒரு துளி திரண்டு நின்றது.

காதிற் செருகியிருந்த தச்சுப் பென்சிலை எடுத்து, அந்தத் துளியைச் சுற்றி ஒரு வட்டமிட்டார். அம்மையார் எழுந்து, மசாலாத் தட்டிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து வட்டத்தின் நேர்கீழே வைத்தார். பிறகு இருவரும் படுத்துக்கொண்டனர்.